மச்சானிடம் மிஞ்சிய ஒரே சொல்

மார்கழி மாதத்து மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே பனிப்புகார். பிரெடெரிசியா நகரத்துப் பழைய கோட்டை மேடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பராமரிப்பு இல்லத்து அறையில் மச்சான் சக்கர நாற்காலியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட்டை நனைத்து வாயில் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்துச் சந்தோசமாகச் சிரித்தார்.

"அகொனி" என்றார்.

கதவடியில் நின்ற தாதி மெத்தேயின் முகம் மாறிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் முன்னால் குந்தினாள்.

"எங்கே தேவா? எங்கே நோகிறது?" என்று டேனிஷில் கேட்டாள்.

"அகொனி, அகொனி" என்றபடி மச்சான் அடுத்த பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார்.

மெத்தே போய் ஊசியோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மச்சானின் தலை சாய்ந்துவிட்டது. இரண்டாவது பிஸ்கட் கடிபடாமல் கைக்குள்ளேயே இருந்தது. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

இந்தத் தொடரில் போன கிழமை என் முதல் வேன் வாங்கிய கதையைப் பாதியில் விட்டேன். வேன் நிற்கட்டும், அது எங்கும் ஓடாது. இந்தச் சொல்லை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓம் என்ற மனிதர்

தேவராசா என் தங்கை பூமணியின் புருசன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது நான். அவர்கள் இருவரையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் நான். மச்சானுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அவர் கதைக்காத மனிதர். கேட்டால் "ஓம்" என்பார், அல்லது "இல்லை" என்பார். மூன்றாவது சொல் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். நான் ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே சுவர்கூட என்னோடு கதைக்கும். அவர் இருந்த வீட்டில் மனிதர்களே கதைப்பதைக் குறைத்துக்கொள்வார்கள்.

"உன்ரை மனுசன் கொழும்பிலை நாக்கை விட்டிட்டு வந்திட்டாரோ?" என்று பூமணியைப் பகிடி பண்ணுவேன்.

"ரெண்டு பேற்றையும் சேர்த்து நீங்கள் கதைக்கிறியள்தானே அண்ணை" என்பாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் மூளையில் இரத்தம் கட்டியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது பக்கம் இயங்கவில்லை. தமிழ் போய்விட்டது. கொஞ்ச நஞ்சமிருந்த டேனிஷும் போய்விட்டது. "ஓம்" கூடப் போய்விட்டது. எஞ்சியது இந்த ஒரு சொல். மூளை அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்குவது உண்டு என்றும், எது தங்கும் என்று எவருக்கும் தெரியாது என்றும் டொக்டர் சொன்னாராம்.

நான் அப்போது லண்டனில் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். திரும்பி வருவதற்கிடையில் பூமணி அந்தச் சொல்லுக்குத் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டாள்.

ஸ்தோத்திரம்

பூமணி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். நான் சபைக்கும் போவேன், கோயிலுக்கும் போவேன். தொழில் செய்கிறவனுக்கு எல்லாரும் வேண்டும். சபையில் ஆவியில் நிறைந்தவர்களுக்கு அந்நிய பாஷை வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை வருடம் கடைசி வரிசை வாங்கில் வாய் மூடி இருந்த மச்சானுக்கு ஒருநாளும் வரவில்லை. அது அவளுக்கு ஒரு குறை.

இப்போது கட்டிலில் கிடந்து யாருக்கும் விளங்காத ஒரு சொல்லை அந்த மனிதர் காலையிலிருந்து மாலைவரை சொல்கிறார். அவள் என்ன நினைப்பாள்?

"அண்ணை, இவருக்கு அபிஷேகம் கிடைச்சிட்டுது" என்று லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். அன்றே பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சியும் சொல்லிவிட்டாள். தொலைபேசியை மச்சானின் வாயருகே பிடித்துக் கேட்க வைத்தாளாம். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பெண்களெல்லாம் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கத்தினார்களாம். ஒருத்தருக்கும் பொருள் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இல்லத்தில் வேலை செய்த டேனிஷ்காரர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது இங்கிலிஷ். எங்கள் ஆளின் வாயிலிருந்து வந்ததை எங்களைத் தவிர எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள்.

பொருள்

மெத்தேயிடம் பொருள் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் பாதிக் கந்தோர்களின் தரை என் துப்புரவுக் கம்பெனி ஆட்கள் துடைத்துத்தான் மினுங்குகிறது. அப்படிப்பட்டவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதை ஒரு தாதிக்கு ஏன் காட்ட வேண்டும்? ஒடென்சேயில் படிக்கும் பேத்தி அனுஷா சனிக்கிழமை ரயிலில் வந்தபோது கேட்டேன்.

அவள் தன் வழக்கப்படி டேனிஷில் பதில் சொன்னாள். "ஸ்மெர்டே" என்றாள். அது நோவு என்று எனக்குத் தெரியும்.

"வெறும் நோவோ?"

இல்லை என்று தலையாட்டினாள். யோசித்து, தனக்குத் தெரிந்த தமிழுக்கு வந்தாள். "தலையிடிக்குச் சொல்லேலாது அப்பப்பா. தாங்கவே ஏலாத நோவு. அதுக்கு மேலை ஒண்டும் இல்லை."

உடம்புக்கு மட்டுமா என்று கேட்டேன். மனதுக்கும் சொல்லலாமாம். பிள்ளையைக் காணாமல் காத்திருக்கிறவளின் நிலைக்கும் அதுதான் சொல்லாம். சாகப்போகிறவன் கடைசியில் படுகிற பாட்டுக்கும் அதுதானாம். சிலர் புதுச் சப்பாத்து கடித்தால் பகிடிக்கும் சொல்வார்களாம். இங்கிலிஷ்ப் பத்திரிகைகளில் மனக்குறைகளை எழுதி அனுப்பினால் பதில் சொல்கிற பெண்ணுக்கு அகொனி மாமி என்று பெயராம். "அவையளுக்கு அதுக்கும் ஒரு மாமி இருக்கிறாவோ!" என்று சிரித்தேன். அனுஷாவும் சிரித்தாள்.

அவள் போனபிறகு தமிழில் அதற்கு என்ன சொல் என்று யோசித்துப் பார்த்தேன். நோ. வலி. வேதனை. உத்தரிப்பு. அந்தரம். கிடந்து அந்தரிக்கிறான் என்கிறோமே, அது கிட்டவரும். ஆனால் எங்கள் சொற்களைச் சொல்லும்போது பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருக்கும். இந்தச் சொல்லை நான் குசினிக்குள் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லாததுபோல் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றதும் திடுக்கிட்டேன்.

இதில் எனக்குப் பிடிபடாத விசயம் வேறு. மச்சானுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஒரு சொல்லும் தெரியாது. இது எங்கிருந்து வந்தது?

உன் பேர் என்ன?

பூமணியிடம் பொருளைச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எல்லாரும் எதுக்கண்ணை ஸ்தோத்திரம் சொன்னவை?"

நான் கோப்பி போட எழும்பினேன்.

மறுநாள் பாஸ்டர் இரண்டு சகோதரர்களோடு வந்தார். இங்கிலிஷ் தெரிந்தவர். மச்சான் வாயைத் திறந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "அக்கா, இது ஆவியின் வரம் இல்லை. இது வேறை" என்றார். மூவரும் மச்சானின் தலையில் கை வைத்தார்கள்.

"இந்த மனுசனை விட்டுப் போ!"

மச்சான் சபையில் இருப்பதுபோலப் பணிவாகத் தலை குனிந்திருந்தார். ஒவ்வொரு வசனம் முடியும்போதும், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில், ஆமென் சொல்லும் குரலிலேயே, "அகொனி" என்றார். பாஸ்டர் குரலை உயர்த்தினார். மச்சானும் உயர்த்தினார். இளைய சகோதரர் மெதுவாகத் தன் கையை எடுத்துவிட்டார்.

பாஸ்டர் நிறுத்தினார். அறையில் ஹீட்டர் குழாய் டிக் டிக் என்றது. அவர் குனிந்து, மச்சானின் கண்ணுக்குள் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உன் பேர் என்ன?"

"அகொனி" என்றார் மச்சான், தெளிவாக.

பாஸ்டர் தன் குளிர் மேலங்கியை மாட்டிக்கொண்டார். சபையில் எல்லாருமாக ஜெபிப்போம் என்றார். பிறகு அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் முதுகு குளிர்ந்தது.

ராகம்

அடுத்த கிழமைகளில் ஊசி கூடியது. அகொனி என்று ஒருவர் மணிக்கொரு தரம் சொன்னால் தாதிமார் என்ன செய்வார்கள்? மச்சான் நித்திரையிலேயே கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. நித்திரையிலும் உதடு அந்தச் சொல்லை வனைந்துகொண்டிருக்கும், சத்தம் மட்டும் வராது.

"இப்பிடியே போனால் முடிஞ்சிடுவார் அண்ணை" என்றாள் பூமணி.

இங்கே என் கெட்டித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தொழிற்சாலைப் போர்மன் சொன்ன ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. ஆனால் என்ன சொல்கிறார் என்பது விளங்கும். ஏசுகிறாரா, பகிடி விடுகிறாரா, கத்தி கவனம் என்கிறாரா, எல்லாம் ராகத்தில் இருந்தது. பாசை தெரியாத ஊரில் வருடக்கணக்காக வாழ்ந்தவனுக்குச் சொல் தேவையில்லை. அப்படித்தான் நான் முதலாளி ஆனேன்.

மச்சான் விழித்திருந்த கொஞ்ச நேரங்களில் பக்கத்தில் இருந்து கேட்டேன். சொல் ஒன்றுதான். ராகம் பல. கோப்பி வேண்டுமென்றால் கடைசி எழுத்து மேலே போகும். வேண்டாமென்றால் சட்டென்று வெட்டுப்படும். பூமணி உள்ளே வந்தால் இழுத்து, பாட்டுப்போல வரும். ஊசியோடு மெத்தே வந்தால் வேகமாக, அடுக்கடுக்காக, கெஞ்சுவதுபோல வரும். அவர்கள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள்.

டொக்டரிடம் போனோம். நான் எல்லாம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நீ சொல்வது சரியாக இருக்கலாம். பிழை என்றால்? அவருக்கு நோகும்போது சொல்வதற்கு வேறு சொல் இல்லையே."

பூமணி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அண்ணை, அவர் கேக்கிறது சரிதானே. உண்மையாவே நொந்தால் எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "நான் இருக்கிறன்தானே."

அவள் டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். மருந்தைக் குறைத்தார்கள்.

வேறு வாய்கள்

மச்சான் எழும்பினார். சாப்பிட்டார். என்னோடு காட்ஸ் விளையாடி ஏமாற்றவும் தொடங்கினார். நான் மெத்தேக்கும் மற்றவர்களுக்கும் ராகம் பழக்கினேன். நல்ல மாணவர்கள். "அது நோ இல்லை. அது தேவாவின் சொல், அவ்வளவுதான்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். என் வெற்றி என்று அதை ஊரெல்லாம் சொன்னேன்.

இல்லத்தின் அந்தப் பகுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் மறதி நோய்க்காரர். மச்சானின் மேசையில் கிரேத்தே என்று ஒரு டேனிஷ்க் கிழவி இருப்பார். ஒருநாள் மத்தியானம் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், "அகொனி" என்றார். மச்சானின் ராகம் அப்படியே. எதிரில் இருந்த கிழவர் மரியாதையாகத் தலை வணங்கி "அகொனி" என்றார். பிறகு அந்தச் சொல் மேசை முழுவதும் போனது. வெள்ளைத் தலைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்து, தாங்கமுடியாத நோவின் பெயரைச் சொல்லி நாப்கினால் வாய் துடைத்தன.

மெத்தே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அன்று மச்சானைத் தள்ளிக்கொண்டு அறைக்குப் போகும்போது கேட்டேன். "உண்மையைச் சொல்லு மச்சான். இதை ஆரிட்டை எடுத்தனீ?"

அவர் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"நானோ? எனக்கே இது தெரியாது, மச்சான்."

கை இறங்கவில்லை. விரல் என் வாயை நோக்கியே இருந்தது. அறை வந்து, நான் நாற்காலியின் பிரேக்கைப் போடும்வரை அப்படியே இருந்தது. சத்தியமாக நான் அந்தச் சொல்லை முன்பு அறிந்ததில்லை. நித்திரையில் கதைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மச்சான் வந்த புதிதில், பூமணி வந்து சேரும்வரை, நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் படுத்தோம். ஆனால் தெரியாத சொல்லை ஒருவன் நித்திரையிலும் சொல்ல முடியாதே. இதற்கு மேல் நான் அதைப்பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவும் இல்லை.

அமைதியான நாள்

மாசி மாதமாக இருக்க வேண்டும். மறுபடி பனிப்புகார். நடைக்கூடத்தில் கிரேத்தே தன் கதவடியில் நின்று எனக்கு "அகொனி" என்று வணக்கம் சொன்னார். குரல் மச்சானின் குரலைப்போலவே இருந்ததால், நான் முதலில் மச்சான்தான் நடந்து வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அறைக்குள் மச்சான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பூமணி பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு நல்ல அமைதி அண்ணை. காலமையிலையிருந்து ஒரு சத்தமும் இல்லை."

மெத்தேயும் வந்து அதையே சொன்னாள். "இன்று தேவா அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நல்ல நாள்."

மச்சானுக்கு முன்னால் கேக் துண்டு தொடாமல் இருந்தது. "மச்சான்" என்றேன். திரும்பவில்லை. கிட்டப் போனேன். நெற்றியில் வேர்வை. அந்த அறையில் வேர்க்க வழியில்லை. இடது கை நாற்காலிச் சில்லின் வளையத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வாய் இறுகப் பூட்டியிருந்தது. ராகம் கேட்கலாம் என்று காதைக் கொடுத்தேன். கேட்க ஒன்றுமில்லை.

"மெத்தே, இவருக்கு ஏதோ செய்கிறது."

"அவர்தான் ஒன்றும் சொல்லவில்லையே" என்றாள். பிழை சொல்ல முடியாது. சொன்னால் நோ இல்லை என்று பழக்கியவன் நான். சொல்லாவிட்டால் நோ இல்லை என்று அவள் தானாக விளங்கியிருந்தாள். இரண்டு பக்கமும் கதவு பூட்டியாகிவிட்டது.

முழங்கால் பிடிப்பைப் பாராமல் அவர் முன்னால் இறங்கிக் குந்தினேன். முகத்தை என் பக்கம் திருப்பினேன். கண் என்னைப் பார்த்தது. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மச்சான், அகொனியோ?"

அவர் கண்ணை மூடினார். இரண்டு பக்கமும் கண்ணீர் இறங்கியது. தலை ஒருமுறை கீழே போய் மேலே வந்தது.

"வயித்தைப் பார்! உடம்பைத் தொட்டுப் பார்!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேனா டேனிஷில் கத்தினேனா தெரியாது. மெத்தே கம்பளியை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். கல்போல இருந்ததாம். சிறுநீர் அடைத்திருந்தது. காலையிலிருந்தோ முதல் நாளிலிருந்தோ, யாருக்குத் தெரியும்? அவள் ஓடிப்போய்க் குழாயும் பையும் கொண்டுவந்தாள். கட்டிலில் ஏற்றினோம். பூமணி சுவர்ப்பக்கம் திரும்பி ஜெபித்தாள்.

மெத்தே குழாய் ஏற்றிய நேரம் முழுவதும் நடைக்கூடத்தில் கிரேத்தே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே போய் வந்தார். கெஞ்சும் ராகம். ஊசியைக் கண்டால் மச்சான் சொல்வாரே, அது. கட்டிலில் மனிதர் வாய் பூட்டிக் கிடக்க, அவர் குரல் வெளியே கதவு கதவாக நடந்து திரிந்தது.

பை நிறைந்தது. மச்சானின் கை மெதுவாக என் கையை விட்டது. அவர் நெடுமூச்சு விட்டார். வாயைத் திறந்தார்.

நான், பூமணி, மெத்தே, மூவரும் குனிந்தோம். எந்த ராகத்தில் வந்தாலும் சரி, வரட்டும் என்று நின்றோம்.

வரவில்லை. வாய் மூடிக்கொண்டது. அவர் நித்திரையானார்.

அதற்குப் பிறகு மச்சான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வேறு சொல்லும் இல்லை. கிரேத்தே இன்னமும் கோப்பிக்கும் கேக்குக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்போது சொல்கிறவன் நான். தினமும் பின்னேரம் போவேன். மேலங்கியைக் கழற்ற முன், கதிரையில் இருக்க முன், அவர் முன்னால் குந்தி, "அகொனியோ மச்சான்?" என்று கேட்பேன். நான் போக முடியாத நாளில் பூமணி கேட்பாள். மெத்தேயும் கேட்கப் பழகிவிட்டாள்.

அவர் உடனே பதில் சொல்வதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி அவருக்குள் எங்கோ தூரத்துக்குப் போய்த் திரும்பி வருவதுபோல் இருக்கும். எதற்கும் பயப்படாமல் தலை நிமிர்ந்து வாழ்ந்தவன் என்று இந்தத் தொடரில் கிழமைக்குக் கிழமை எழுதுகிறேன், அது உண்மைதான். ஆனால் அந்தத் தலை இடமும் வலமுமாக அசையும்வரை நான் மூச்சு விடுவதில்லை.